தண்ணி லாரியில் ஒரே ஒரு மாத்திரை!

நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் என்று போனால் டாக்டர் எழுதித் தருவாரே, காலையில் வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்லி ஒரு காப்ஸ்யூல்? அதன் பெயருக்குப் பின்னால் பல பிராண்டுகளில் ‘டி’ என்று ஓர் எழுத்து தொங்கும். அந்த டி யார் தெரியுமா? டோம்பெரிடோன். குமட்டலை அடக்கும் மருந்து. சரி, அது உடம்பில் போய் எங்கே உட்காருகிறது தெரியுமா? மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகள் எங்கே போய் உட்காருகின்றனவோ, சாட்சாத் அதே இடத்தில்! அதன் பெயர் டோபமின் டி2 ஏற்பி, டோபமின் என்ற பொருள் போய் ஒட்டும் இடம்.

பதற வேண்டாம். டோம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. ரத்தத்தில் வருவதையெல்லாம் மூளைக்குள் விடாமல் வடிகட்ட ஒரு தடுப்பு இருக்கிறது. வாந்தியைத் தூண்டும் மையமோ அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அங்கே உள்ள டி2வை இந்த மருந்து அடைத்துவிடும். தலைசுற்றலுக்குத் தருகிறார்களே புரோகுளோர்பெரசின், அது இன்னும் நெருங்கிய சொந்தம். மனநோய் மருந்துக் குடும்பத்திலேயே பிறந்தது. ஆக, மனநல மருத்துவமனையின் வாசலையே மிதிக்காத கோடிக்கணக்கான பேர், மனநோய் மருந்துகள் குறிவைக்கும் அதே இலக்கைத் தொடும் மாத்திரையை வாழ்நாளில் ஒருமுறையாவது விழுங்கியிருக்கிறார்கள்.

அந்த இலக்கை ஆய்வுக்கூடத்தில் கையும் களவுமாகப் பிடித்தவர்களில் முதல் வரிசைக்காரர் ஃபிலிப் சீமன். கனடாக்காரர். 1934இல் வின்னிபெக்கில் பிறந்து, மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1960இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர். ஆனால் மனநல மருத்துவர் இல்லை! மனநல மருத்துவர் அவருடைய மனைவி மேரி சீமன்.

கல்யாணமான புதிதில் இருவரும் நியூயார்க்கில் இருந்தார்கள். மேரி மன்ஹாட்டன் அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகளைப் பார்க்கிறார். ஃபிலிப் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் நோபல் வாங்கிய ஜார்ஜ் பலாடேயிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். எதைப் பற்றித் தெரியுமா? ரத்தச் சிவப்பணுவின் மேல்தோல்! மூளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது, வருகிறேன். மேரி பார்த்த நோயாளிகளைப் பற்றிய பேச்சுதான் ஃபிலிப்பை இந்தப் பக்கம் திருப்பியது. மருந்து கொடுத்தால் காதில் கேட்கும் குரல்கள் அடங்குகின்றன. ஏன் அடங்குகின்றன? உலகத்தில் யாருக்கும் தெரியாது!

உண்மையிலேயே யாருக்கும் தெரியாதுதான். முதல் மனநோய் மருந்தான குளோர்புரோமசினின் பூர்வீகமே ஒரு சாயப்பட்டறைக் கதை. 1876இல் துணிக்குச் சாயமாக மெத்திலீன் நீலம் பிறந்தது. அதன் உள்கூட்டை வைத்து விளையாடிய வேதியியலாளர்கள் வழியாக, ஒவ்வாமைக்கான மருந்துகள் வந்தன. அந்த வரிசையில் 1950 டிசம்பரில் பிரான்ஸின் ரோன்-பூலாங்க் கம்பெனியில் போல் ஷார்பாந்தியே குளோர்புரோமசினைச் செய்தார். ஆன்ரி லாபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்த அதைக் கொடுத்துப் பார்த்தார். விழித்திருக்கிறார்கள், ஆனால் எதைப் பற்றியும் கவலையே இல்லை! 1952இல் பாரிஸ் சாந்த்-ஆன் மருத்துவமனையில் டெலேயும் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது மருத்துவ வரலாறு.

அதே நேரம் இன்னொரு மருந்து நம் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியது தெரியுமா? சர்ப்பகந்தா! கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931லேயே, இந்தச் செடியின் வேர் பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கேட்கிறது என்று எழுதிவிட்டார்கள். மேற்கு நாடுகள் கண்ணைத் திறக்க இருபது வருஷம் பிடித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது.

இந்த ரெசர்பின்தான் டோபமின் கதைக்கே பிள்ளையார் சுழி! 1957இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்கிப்போய் அசையாமல் கிடந்தன. பிறகு டோபா ஊசி. டோபா என்பது உடம்பு டோபமினாக மாற்றிக்கொள்ளும் கச்சாப் பொருள். சில நிமிடங்களில் காதுகள் விறைத்து நிமிர, முயல்கள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டன! அதுவரை டோபமின் என்பது வேறொன்றைத் தயாரிக்கும் வழியில் வந்து போகும் இடைநிலைப் பொருள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1910இலேயே லண்டனில் செயற்கையாகச் செய்து அலமாரியில் வைத்துவிட்ட சரக்கு அது. அதற்கு மூளையில் தனி உத்தியோகம் இருக்கிறது என்று கார்ல்சன் 1960இல் லண்டன் மாநாட்டில் சொன்னபோது பெரிய தலைகள் ஏற்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2000இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதே கார்ல்சன் 1963இல் இன்னொரு குண்டும் போட்டார். குளோர்புரோமசினும், பெல்ஜியத்தில் போல் யான்சன் 1958இல் கண்டுபிடித்த ஹாலோபெரிடாலும் டோபமின் போன்ற பொருள்கள் போய் ஒட்டும் ஏற்பிகளை அடைக்கின்றன போலிருக்கிறது என்றார். ‘போலிருக்கிறது’தான். எந்த ஏற்பி? டோபமினுடையதா, நார்அட்ரினலினுடையதா? கண்ணால் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. (அதே யான்சன் கம்பெனியிலிருந்து 1974இல் வந்ததுதான் நம் டோம்பெரிடோன்.)

இப்போது சிவப்பணுவுக்கு வருவோம். சீமன் 1967இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனநோய் மருந்துகளைச் சிவப்பணுக்களோடு கலந்தால் அவை எளிதில் உடையாமல் தாக்குப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்துகளும் அதையேதான் செய்யும். அப்படியானால் இந்த மருந்துகளும் மயக்க மருந்து போல நரம்பணுக்களின் மேல்தோலில் பரவித்தான் வேலை செய்கின்றனவோ? அழகான யோசனை. 1972இல் அவர் எழுதிய நீண்ட ஆய்வுரை அந்தத் துறையில் இன்றும் பேர்போனது.

அந்த அழகான யோசனையைக் கவிழ்த்தது எது தெரியுமா? அவரே போட்ட ஒரு கணக்கு!

ஹாலோபெரிடால் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது? அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றிவரும். மூளைக்குப் போய் வேலை செய்வது தண்ணீரில் விடுதலையாகக் கரைந்திருக்கும் மிச்சம் மட்டுமே. அந்த மிச்சம் ஒன்று முதல் மூன்று நானோமோலார் என்று வந்தது. நானோமோலார் என்றால் எவ்வளவு? சென்னையில் தெருவுக்குத் தெரு ஓடுகிறதே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதற்குள் 5 மில்லிகிராம் ஹாலோபெரிடால் மாத்திரை ஒன்றே ஒன்றைப் போட்டுக் கலக்குங்கள். அந்தத் தண்ணீரில் இருப்பது சுமார் ஒரு நானோமோலார்! அவ்வளவு நீர்த்த அளவில் ஒரு மனிதனுக்குக் கேட்கும் குரல்கள் அடங்குகின்றன.

சிவப்பணுவின் தோலைப் பாதுகாக்க இதைவிடப் பல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருந்தது. அப்படியானால் தோல் சமாச்சாரம் இல்லை. இந்த நானோமோலார் அளவிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஏதோ ஒன்று மூளையில் இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால் சீமனின் மொத்த வாழ்க்கையிலும் பெரிய தருணம் இதுதான். சோதனைக் குழாயில் எக்கச்சக்கமாக மருந்தை ஊற்றினால் எந்த மருந்தும் எதையாவது செய்யத்தான் செய்யும். நோயாளி உடம்பில் உள்ள அளவில் என்ன செய்கிறது என்பதே கேள்வி. இந்த ஒரு விதியை அவர் கடைசிவரை விடவில்லை.

தேட என்ன வேண்டும்? முதலில், மருந்துக்கு அடையாளம் ஒட்ட வேண்டும். சாதாரணக் கதிரியக்க அடையாளம் போதாது. இவ்வளவு குறைந்த அளவில் கருவியில் விழாது. பெல்ஜியத்தில் யான்சன் ஆட்களின் உதவியோடு, டிரிட்டியம் ஏற்றிய வீரியமான ஹாலோபெரிடால் தயாராகி வந்தது. மூளை? டொராண்டோ இறைச்சிக் கூடத்திலிருந்து கன்றுக்குட்டி மூளை! அதில் டோபமின் குவிந்திருக்கும் பகுதியை வெட்டியெடுத்து, கூழாக அரைத்து, அடையாள மருந்தோடு கலந்து, வடிதாளில் வடிகட்டி, தாளில் தங்கிய கதிரியக்கத்தை எண்ண வேண்டும். சொல்ல எளிது. ஆனால் ஹாலோபெரிடால் கொழுப்பில் ஒட்டும், கண்ணாடியில் ஒட்டும், வடிதாளிலேயே ஒட்டும். இதில் எது நிஜமான ஏற்பி, எது வெறும் பிசுக்கு?

இங்கேதான் ஒரு சபாஷ்! பூட்டக்லமால் என்று ஒரு மருந்து. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல அதற்கு இரண்டு வடிவங்கள். அணுக்கள் அதே, எடை அதே, பிசுக்கும் அதே. ஒன்றுக்கு மனநோயை அடக்கும் சக்தி உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. இரண்டையும் தனித்தனியாகக் கூழில் விட்டார்கள். சும்மா ஒட்டியிருக்கும் ஹாலோபெரிடாலை இரண்டும் ஒரே மாதிரிதான் பாதிக்கும். சக்தியுள்ள வடிவம் மட்டும் எதைக் கிளப்பிவிடுகிறதோ, அது நிஜ ஏற்பியில் இருந்தது! ஒரு கழித்தல் கணக்கில் விஷயம் முடிந்தது. பிறகு நார்அட்ரினலின், செரட்டோனின், டோபமின் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றையும்விடக் குறைந்த அளவில் ஹாலோபெரிடாலை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது டோபமின்! 1975இல் கட்டுரை வந்தது. இன்றைக்கு டி2 என்று நாம் சொல்வது இதைத்தான்.

அடுத்த வருஷம் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு வரைபடம்தான் உச்சம். படுக்கைக் கோட்டில், உலகெங்கும் மனநல மருத்துவர்கள் ஒவ்வொரு மருந்தையும் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் கொடுக்கிறார்கள் என்ற கணக்கு. செங்குத்துக் கோட்டில், டொராண்டோவில் கன்றுக்குட்டி மூளைக் கூழிலிருந்து பாதி ஹாலோபெரிடாலை எழுப்பிவிட அந்த மருந்து எவ்வளவு தேவைப்படுகிறது என்ற கணக்கு. கீழே இடது மூலையில் ஸ்பைப்பெரோன்: தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். மேலே வலது மூலையில் புரோமசின்: நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். இடையில் இருபது சொச்சம் மருந்துகள். புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில்!

யோசித்துப் பாருங்கள். அந்த டோஸ்களை நிர்ணயித்த டாக்டர்களுக்கு ஏற்பி என்று ஒன்று இருப்பதே தெரியாது. இருபது வருஷமாக நோயாளியின் முகத்தைப் பார்த்து, கூட்டிக் குறைத்து, கை பழகி வந்த அளவுகள் அவை. பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஊகத்தில் எழுதிய சீட்டும் டொராண்டோவின் அரைத்த மூளையும் ஒரே விடையைச் சொல்லின! இதே நேரத்தில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரின் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்து, 1976லேயே ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. யார் முந்தி என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. இரண்டு ஊரில் ஒரே விடை வந்தது விஞ்ஞானத்துக்கு லாபம்.

சரி, டோபமினுக்கு எத்தனை ஏற்பி தெரியுமா? ஐந்து! 1979இல் டி1, டி2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிறகு மரபணுக்கள் பிடிபடத் தொடங்கின. 1988இல் அமெரிக்காவின் ஆரகனில் டி2. 1990இல் பாரிஸில் டி3. அந்த வருஷமே டி1. 1991இல் டி4, டி5. இதில் டி1, டி4, டி5 வேட்டைகளில் சீமனின் டொராண்டோ ஆட்களுக்குப் பங்கு உண்டு. இத்தனைக்கும் மூளையின் 8,600 கோடி நரம்பணுக்களில் டோபமின் தயாரிப்பவை சில லட்சம்தான்! அந்தச் சில லட்சத்துக்கு நடை, ஆசை, பால் சுரப்பு என்று எத்தனை இலாகா! (‘டோபமின் டீடாக்ஸ்’ என்று யூடியூபில் வகுப்பெடுப்பவர்கள் எந்த இலாகாவை மூடச் சொல்கிறார்கள் என்று கேட்க ஆசை.)

டி4 வந்தபோது கிளம்பிய பரபரப்பு கொஞ்சநஞ்சமல்ல. காரணம் குளோசபின். இதன் கதை தனி சினிமா. மற்ற மருந்துகளில் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். இதில் அது அபூர்வம். ஆனால் 1975இல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர் வெள்ளையணுக்கள் வற்றி இறந்தார்கள். மருந்து மூலைக்குப் போனது. 1988இல் அமெரிக்காவில் வேறு எந்த மருந்துக்கும் மசியாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பழைய மருந்தில் 4 சதவீதம் பேர் தேற, குளோசபினில் 30 சதவீதம் பேர் தேறினார்கள்! அடுத்த வருஷமே அனுமதி, ரத்தப் பரிசோதனைக் கட்டாயத்தோடு. இந்த அதிசய மருந்து டி4இல் இறுக்கமாக ஒட்டுகிறது என்று 1991இல் தெரிந்ததும், ரகசியம் பிடிபட்டது என்று கொண்டாடினார்கள். நோயாளிகளின் மூளையில் டி4 கூடுதலாக இருக்கிறது என்று சீமன் 1993இல் எழுதவும் செய்தார். கம்பெனிகள் டி4ஐ மட்டும் அடைக்கும் மருந்தைச் செய்து நோயாளிகளுக்குக் கொடுத்தன. 1997இல் முடிவு: பயனே இல்லை! மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு அந்தக் ‘கூடுதல்’ டி4ஐயும் உறுதிப்படுத்த முடியவில்லை.

பின்னே குளோசபின் ஏன் விறைப்பைத் தருவதில்லை? 2001இல் சீமனும் ஷிதிஜ் கபூரும் ஒரு பதில் சொன்னார்கள். டெல்லி எய்ம்ஸில் மருத்துவம் படித்து டொராண்டோ போனவர் கபூர்; பிற்காலத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் தலைவர். குளோசபின் டி2இல் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுகிறது. ஹாலோபெரிடாலோ அசையாமல் பிடித்துக்கொள்கிறது. இயற்கையான டோபமினுக்கு இடம் விடுகிற மருந்தில் விறைப்பு வராது என்பது அவர்கள் வாதம். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கபூரின் இன்னொரு கணக்கைப் பார்த்தால் வாய் பிளப்பீர்கள். உயிரோடு இருக்கும் நோயாளியின் மூளையில் எத்தனை சதவீத டி2 அடைபட்டிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்து எண்ணினார்கள். 65 சதவீதம் அடைபட்டால் நோய் அடங்கத் தொடங்குகிறது. 72ஐத் தாண்டினால் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது, ஆணுக்கும்தான். 78ஐத் தாண்டினால் கை கால் விறைப்பு. குணத்துக்கும் விறைப்புக்கும் நடுவே பதின்மூன்று சதவீத இடைவெளி! அந்த இடைவெளிக்குள் வர தினம் 2 மில்லிகிராம் ஹாலோபெரிடாலே பலருக்குப் போதும் என்றும் தெரிந்தது. அதற்கு முன்பு இருபது மில்லிகிராமும் அதற்கு மேலும் சாதாரணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டி2வை அடைத்தால் இப்படி. தூண்டினால்? பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் அதைத்தான் செய்கிறது, டி3ஐயும் சேர்த்து. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் பதினொரு பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் திடீரென்று சூதாட்டப் பித்து! அதில் ஒன்பது பேர் சாப்பிட்டது பிரமிபெக்சோல். டோஸைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பித்து தணிந்தது என்பது இன்னும் விசித்திரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டி2வை நாள்கணக்கில் அடைத்து வைத்தால் மூளை சும்மா இருக்காது. புதிதாக டி2க்களை முளைக்க வைக்கும். டோபமின் வற்றிப்போன பார்க்கின்சன் மூளையிலும் அப்படித்தான் என்று சீமன் 1978இல் காட்டினார். அதனால்தான் இந்த மாத்திரைகளைத் தன்னிஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இறந்த மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் டி2 அதிகம் என்று சீமன் சொன்னபோது எழுந்த கேள்வியும் இதுதான்: அது நோயா, மருந்தின் வேலையா? மருந்தே தொடாத நோயாளிகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பால்டிமோர்காரர்கள் அதிகம் என்றார்கள். ஸ்டாக்ஹோம்காரர்கள் இல்லவே இல்லை என்றார்கள்! சீமன் கடைசிக் காலத்தில், எண்ணிக்கை முக்கியமில்லை, டோபமினைச் சிக்கென்று பிடிக்கும் நிலையில் உள்ள டி2க்கள்தான் நோயில் கூடுகின்றன என்று வாதாடிக்கொண்டிருந்தார். மனிதர்களில் அது இன்னும் நிரூபணமாகவில்லை.

2018இல் டி2 ஏற்பியில் ரிஸ்பெரிடோன் மருந்து புதைந்திருக்கும் காட்சியை அணு அணுவாகப் படம்பிடித்து வெளியிட்டார்கள். கன்றுக்குட்டி மூளைக் கூழில் வெறும் எண்களாகத் தெரிந்த ஒன்று, வளைவு நெளிவோடு! சீமன் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 2021 ஜனவரியில், 86 வயதில் காலமானார்.

அதற்குப் பிறகு நடந்தது தெரியுமா? 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மனச்சிதைவுக்கு ஒரு புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது: சனோமெலினும் டிராஸ்பியமும் சேர்ந்த காப்ஸ்யூல். குளோர்புரோமசின் காலத்திலிருந்து எழுபது வருஷமாக மனச்சிதைவுக்கு அங்கீகாரம் பெற்ற ஏறக்குறைய அத்தனை மருந்தும் டி2வைத் தொட்டாக வேண்டியிருந்தது. இது தொடவே இல்லை! அசிட்டைல்கோலின் என்ற வேறொரு பொருளின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. அப்படியானால் டோபமின் கதை முடிந்ததா? அந்த ஏற்பிகளைத் தூண்டினால் மூளையில் என்ன ஆகும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள் தெரியுமா? டோபமின் சுரப்பு குறையும்!